கோதண்டம் கூடையில் கலவா

கோதண்டத்தின் கூடையில் கலவா மீனைப் பார்த்த காந்தாவுக்கு முதல் சந்தேகம் தன் புருஷன் மேல்தான் வந்தது.

கலவா பாறையை விட்டு விலகாத மீன். கோட்டைக்குப்பத்துப் படகுகள் போகிற கடலிலோ அடியில் மணலும் சேறும்தான். நடுவில் எங்கோ சின்னதாக ஒரு பாறைத்திட்டு உண்டு, பார் என்பார்கள். அது இருக்கும் இடம் அவள் புருஷன் மாணிக்கத்துக்கு மட்டும் தெரியும். கடல் எல்லோருக்கும் பொது என்பது ஊர்க்கட்டு. ஒருவன் கண்டுபிடித்த இடத்துக்கு இன்னொருவன் வந்தால் பஞ்சாயத்தில் முறையிட முடியாது. ரகசியம் இருக்கிறவரைக்கும்தான் இடம் அவனுடையது. ஒரு படகுக்கு மேல் தாங்காத பார் அது. அதை நம்பித்தான் மகள் நிவேதாவை நர்சிங் சேர்த்திருந்தார்கள்.

"இன்னா அண்ணே, கலவாலாம் புடிச்சிகினு வந்துட்ட?" என்றாள் காந்தா, மீன் ஏலம் நடக்கும் மணலில் அவன் கூடைக்குப் பக்கத்தில் குந்தி.

"வலைல வுயுந்திச்சு தங்கச்சி. எந்த ஊருன்னு அட்ரஸ் கேக்க மறந்துட்டேன்."

காந்தாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மீனின் வாயைத் திறந்து பார்த்தாள். உதட்டில் தூண்டில் முள் கிழித்த ஓட்டை இருந்தது. வலையில் விழுந்த மீனுக்கு உதடு ஏன் கிழிய வேண்டும்? பாறையில் வலை போட்டால் கிழிந்துவிடும், தூண்டில்தான் போட வேண்டும். கோதண்டம் பிறந்ததிலிருந்து தூண்டிலைத் தொட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாணிக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "எந்தக் கடையில குந்தி யாருகிட்ட உளறின?"

"சத்தியமா இல்லமே! உங்கிட்டயே சொன்னதில்ல, அவன்கிட்டயா சொல்லப்போறேன்?"

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நம்பும்படி இருந்தது.

வாய் உளறவில்லை என்றால் வேறு எது உளறியது? யோசித்துக்கொண்டே கரைக்குப் போனவளின் கண் படகில் இருந்த வெள்ளைப் பெட்டியில் நின்றது. மழைக்காலம் முடிந்ததும் மீன்வளத்துறை எல்லாப் படகுகளிலும் மாட்டிவிட்ட பெட்டி. படகு எங்கே நிற்கிறது என்று செயற்கைக்கோள் வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும், கரையில் இருப்பவர்கள் செல்போனில் பார்த்துக்கொள்ளலாம். மாட்டிய அன்று ஊரே அதற்குக் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கியது. போன மாதம் அவள் தம்பி பூவரசன் எஞ்சின் நின்று போய்க் கடலில் மிதந்தபோது, இந்தப் பெட்டிதான் ஆளைக் காட்டிக்கொடுத்துக் கரை சேர்த்தது. அதைக் கழற்றி எறியவும் மனம் வராது. எறிந்தால் லைசென்சும் வராது.

காட்டிக்கொடுப்பது அதன் தொழில். யாருக்குக் காட்டுகிறது என்பதுதான் கேள்வி.

மீன்வளத்துறை அதிகாரி ரஞ்சித்குமார்தான் பாரின் இடத்தைக் கோதண்டத்துக்கு விற்றிருப்பார் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் பழவேற்காட்டு அலுவலகத்துக்குப் போனாள். ஆனால் வாயைத் திறக்கும்போது பேரத்துக்குப் போகிறவள் யாரும் செய்யாததைச் செய்தாள். சரக்கைப் புகழ்ந்தாள்.

"உங்க பொட்டி சோக்கா கீது சார். அது சொல்றத யார் யாரு பாப்பாங்க?"

"கண்ட்ரோல் ரூம்ல பார்ப்பாங்க. உங்க போன்ல நீங்க பார்க்கலாம். வேற ஒருத்தரும் பார்க்க முடியாதும்மா. பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கின பிறகுதான் ஊருக்கே கொண்டுவந்தோம். பாஸ்வேர்டு வேற இருக்கு."

"அது இன்னா சார், எங்க பாஸ்வேர்டு?"

"உங்க படகு நம்பர்தான்."

"மத்தவங்களுது?"

"அவங்கவங்க படகு நம்பர். மறக்கக் கூடாது பாருங்க, அதான் ஈசியா வெச்சோம்."

காந்தா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். படகுத்துறையில் வரிசையாகப் படகுகள். ஒவ்வொன்றின் மூக்கிலும் முழங்கை உயர எழுத்தில் நம்பர்.

"படகு நம்பர பெருசா எழுதலன்னா கடலுக்கு வுடமாட்டேன்னு போன வருசம் சொன்னது யாரு சார்?"

"நான்தான். அது பாதுகாப்பு விதி."

"இது?"

"இதுவும் பாதுகாப்பு விதிதாம்மா." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே ஏதோ இடறியது. கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். திருடனுக்கு இவ்வளவு அப்பாவி முகம் இருக்காது என்று காந்தா அவரைச் சந்தேகக் கணக்கிலிருந்து பாதி இறக்கினாள். மீதிப் பாதி இருக்கட்டும்.

"எங்களுதை மாத்திக் குடுங்க."

"ஒரு படகுக்காக சிஸ்டத்தைத் திறக்க மாட்டாங்கம்மா. ஊரே கேட்டா மேலே சொல்லலாம். இதுவரைக்கும் ஒருத்தர்கூட புகார் குடுக்கல."

கோதண்டம் ஏன் புகார் கொடுப்பான்?

வெளியே வேப்பமர நிழலில் நின்று செல்போனைத் திறந்தாள். முதலில் சொந்தப் படகின் நம்பரைப் போட்டாள். படகு போன தடமெல்லாம் நீலக் கோடாக ஓடி, ஒரு புள்ளியில் திரும்பத் திரும்பச் சுற்றி நின்றது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் புருஷன் சொல்லாததைப் பெட்டி ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டது. அடுத்து கோதண்டத்தின் நம்பர். அவன் கோடும் அதே புள்ளிக்கு வந்து சுற்றியது. கை அதோடு நிற்கவில்லை. சுப்பன், லோகநாதன் என்று ஞாபகத்தில் இருந்த நம்பரையெல்லாம் போட்டாள். யாருக்கு நண்டு எங்கே, யாருக்கு இறால் எங்கே என்று ஊரின் ரகசியம் முழுக்க உள்ளங்கையில் விரிந்தது. புருஷனிடம் சொன்னால் நாளைக்கே அள்ளலாம். நாக்கில் எச்சில் ஊறியது உண்மை.

ஆனால் ஊர் முழுக்க இதே செல்போன்தான். தான் ஒருத்தன் இடத்தை அள்ளும்போது பத்துப் பேர் தன் பாரை வழித்துவிடுவார்கள். தன் சரக்கு திருட்டுப் போனது தெரியாதவன் கடைக்குப் பூட்டுக் கேட்க மாட்டான். தெரிய வைக்க வேண்டும்.

மறுநாள் ஏல மணலில் ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்று, மீன் கூவுகிற குரலிலேயே கூவினாள்.

"சுப்பன் அண்ணன் நண்டு புடிக்கிற எடம்! லைட்ஹவுசுக்கு நேர் கெழக்க, காட்டுப்பள்ளி கிரேன் தெரியற வரைக்கும் போனா கெடைக்கும். கேக்கறவங்க கேளுங்க!"

சுப்பனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

"லோகநாதன் மாமா வஞ்சிரம் புடிக்கிற எடம்! ஊருக்கு வடக்கன்னு சொல்லுவாரு, போறது தெக்க!"

சிரிப்பு பாதியானது.

"அடுத்து கோதண்டம் அண்ணன் வெள்ளை இறால் புடிக்கிற எடம். முகத்துவாரத்துலேருந்து வடக்கால..."

"ஏய், எறங்குமே!" கோதண்டம் கூடையைத் தள்ளிவிட்டு ஓடி வந்தான். "யாரு சொன்னது உனக்கு?"

"உன் படகு மூக்குல எழுதிகினு சுத்துற, என்னக் கேக்குற?"

செல்போனில் எந்த நம்பரைப் போட்டால் எது தெரியும் என்பதை அவள் உரக்கச் சொன்னாள். ஒவ்வொருவன் முகத்திலும் இரண்டு கணக்கு ஓடியது: நாம் யாரைப் பார்த்தோம், நம்மை யார் பார்த்தார்கள். நிறையப் பேருக்கு முதல் கணக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதை அவர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காத விதத்திலேயே காந்தா புரிந்துகொண்டாள்.

ஏலம் அப்படியே நிற்க, ஊரே மீன்வளத்துறை அலுவலகத்துக்கு நடந்தது. எல்லோருக்கும் முன்னால் போனவனும், "இதுக்கு பேரு பாதுகாப்பா சார்?" என்று மேஜையைத் தட்டியவனும் கோதண்டம்தான்.

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து காந்தா முன்னே நுழைந்து அவன் காதோரம் போய், "அண்ணே, உன் எடத்த பாதிதான் கூவினேன். மீதி என் வாயில கீது. உன் கூடையில இன்னொரு தபா கலவா வந்தா, அந்த மீதியும் ஏலத்துக்கு வரும்" என்றாள்.

அவன் மேஜையைத் தட்டுவதை நிறுத்திக்கொண்டான்.

மேலிடம் அசைந்தது. இரண்டே வாரத்தில் அவரவர் பாஸ்வேர்டை அவரவரே வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. கரையில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனைத் தட்டினார்கள்.

"இன்னா வெச்ச?" என்று மாணிக்கம் எட்டிப் பார்த்தான்.

"பார் எங்க கீதுன்னு நீ சொன்னியா எனக்கு?" என்றாள் காந்தா, செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டு.

கோதண்டத்தின் கூடையில் அதற்குப் பிறகு கலவா வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஞ்சித்குமார் குடும்பத்தோடு கடற்கரைக்கு வந்தார். கையில் கனமான பை.

"சார், இன்னா மீனு?"

"கலவாம்மா. கண்ட்ரோல் ரூம்ல இருக்கிற நண்பர் குடுத்தாரு."

காந்தாவின் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. கையை நீட்டினாள்.

"நல்லா கீதே சார். அது உதட்ட கொஞ்சம் காட்டுங்க."