கிழக்கு வாயில்

விசுவநத்தத்திற்கு அப்பால், கரிசல் வெளியை ஊடறுத்துச் செல்லும் வண்டித்தடத்தின்மேல், ஆனித் திங்களின் முற்பகல் வெயில் உருக்கிய ஈயமென வழிந்துகொண்டிருந்தது. வெடித்துப் பிளந்த நிலமும், முள்விரித்து நின்ற உடைமரங்களும், ஒன்றையொன்று தீண்டாது தனித்தனியே நின்ற வெடியாலையின் அறைகளும், அவற்றின் நடுவே கூரை இழந்து கரிந்து கிடந்த ஓர் அறையும் அவ்வெயிலில் அசைவற்றுக் கிடந்தன. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டின் பங்குனியில் அவ்வறைக்குள் ஐந்து பெண்கள் எரிந்து மாண்டனர். அதனை மீண்டும் எழுப்ப ஆலையின் உடைமையாளர் சங்கரலிங்கம் அழைத்திருந்த கொத்தன் பெத்தணன், மாண்டவருள் ஒருத்தியான மாரித்தாயின் கணவன்.

மனையாளை விழுங்கிய அறைக்குச் செங்கல் அடுக்க ஒருவன் எவ்வாறு இசைந்தான் எனப் படிப்போர் வினவக்கூடும். அவன் கட்டுவதற்கு வரவில்லை, காண்பதற்கு வந்தான். தீப்பற்றுவதற்குப் பதினைந்து நாள் முன்பு, சரக்குப் பெட்டிகளை அடுக்க இடம் வேண்டுமென்று சங்கரலிங்கம் பணித்தபடி, அவ்வறையின் நான்கு வாயில்களுள் கிழக்கு வாயிலைச் செங்கல் வைத்து அடைத்தவன் அவனே. அரைநாள் வேலை அது. வீட்டில் சொல்வதற்குரிய செய்தியாக அவனுக்குத் தோன்றவில்லை. அதேபோல் நான்கு வாயில் கொண்ட வேறோர் அறையில் திரி செருகிக்கொண்டிருந்த மாரித்தாயையும் மாண்ட மற்ற நால்வரையும் தீப்பற்றிய நாளன்று காலையில்தான் இவ்வறைக்கு மாற்றினார்கள். சரிந்த கூரை அச்சுவரை மூடிக் கிடந்தமையால், ஆய்வுக்கு வந்தோர் நான்கு வாயில் உண்டென்றே எழுதிச் சென்றனர்.

கடப்பாரையால் அவன் இடிபாட்டைப் புரட்டினான். கருகிய உத்திரங்கள் அகல, கீழே அவன் எழுப்பிய சுவர் ஒரு கல்லும் பெயராது நின்றது. அதன் பரப்பில், மார்பளவு உயரத்தில், சுண்ணம் உரிந்து செங்கல் தெரியுமாறு விரல்கள் கீறிய வரிகள் மேலும் கீழுமாக ஓடின. பெத்தணன் தன் கையை அவ்வரிகளின்மேல் வைத்தான். உடனே, கொதிக்கும் கலத்தைத் தொட்டவன்போல் எடுத்துக்கொண்டான்.

கல் சுமக்க வந்திருந்த பேச்சியம்மாள் அவனருகே வந்து நின்றாள். அன்று தப்பிய இருவருள் ஒருத்தி அவள். முழங்கை வரை தோல் சுருங்கியிருந்தது.

"மேக்க தீப்பிடிச்சிச்சுண்ணே. நாங்க ரெண்டு பேரும் தெக்க பாஞ்சோம். மதினி மத்தப் பிள்ளைகளக் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுக் கிழக்க ஓடுனாக. அங்கன வாசல் இருக்கு, வாங்கன்னு சொல்லிக்கிட்டே ஓடுனாக."

"நான் அவகிட்டச் சொல்லலையே" என்றான் பெத்தணன்.

அவ்வேளை சங்கரலிங்கமும் மேற்பார்வையாளன் அய்யாதுரையும் வந்து சேர்ந்தனர். வெளிப்பட்டு நின்ற சுவரைக் கண்டதும் சங்கரலிங்கத்தின் முகம் வெளிறியது.

"இதை மொத இடிச்சுத் தள்ளு பெத்தணா. ஒரு கல்லு கெடக்கக் கூடாது. பொறவு பழையபடியே அடைச்சுக் கட்டிரு."

"மறுபடியும் அடைக்கவா மொதலாளி?"

"சரக்க என் தலையிலயா அடுக்கச் சொல்ற? சொன்னதச் செய்யிலே."

பெத்தணன் சம்மட்டியை எடுத்தான். அவன் சுவரை நோக்கித் திரும்பவில்லை என்பதை உணர்ந்த அய்யாதுரை, இரும்புக் குழாயை ஓங்கி அவன் தலையில் அடித்தான். நெற்றி பிளந்து குருதி கண்களை மறைத்தது. வீழாது நின்ற பெத்தணன் சம்மட்டியைச் சுழற்ற, அய்யாதுரையின் முன்கை உலர்ந்த விறகென முறிந்தது. அவன் அலறியபடி சாம்பலில் புரண்டான். ஓட முயன்ற சங்கரலிங்கத்தின் பிடரியைப் பெத்தணன் பற்றி இழுத்துவந்து, அவர் முகத்தை அச்சுவரில், அவ்வரிகளின்மேல், மூக்கெலும்பு நொறுங்குமாறு மோதினான்.

"எது எவ விரலுன்னு பாத்துச் சொல்லுங்க மொதலாளி. எனக்குத் தெரியல."

மூன்றாம் முறை மோதியபின் அவரைக் கீழே தள்ளிச் சம்மட்டியைத் தலைக்குமேல் உயர்த்தினான். அப்போது பேச்சியம்மாளின் வெந்த கைகள் பின்னிருந்து அதன் காம்பைப் பற்றின.

"இவரக் கொன்னா இந்தக் கொலையத்தான் ஊரு பேசும். செவரு நிக்கட்டும்ணே. அஞ்சு பேருக்கும் இது ஒண்ணுதான் சாட்சி."

"நானும்தான் தாயி" என்றான் அவன். சம்மட்டி மெல்லத் தாழ்ந்தது.

காவலர் வரும்வரை, குருதி உறைந்த முகத்தோடு, ஒருவரும் அணுகாதவாறு அச்சுவரின்முன் அவன் அமர்ந்திருந்தான். வந்தவர்களிடம், அடைக்கச் சொன்னவரைச் சுட்டியதோடு அடைத்த கையையும் நீட்டினான். இருவர்மீதும் வழக்குப் பதிவாயிற்று. அய்யாதுரையின் கையையும் சங்கரலிங்கத்தின் மூக்கையும் உடைத்ததற்கு அவன் தனியே சிறைப்பட்டான்.

பிணையில் அவன் மீண்டபோது ஆலை வேறொருவர் பொறுப்பில் இருந்தது. அளந்து படமெடுக்கப்பட்ட சுவர், வழக்குமன்ற ஒப்புதலோடு இடிக்கப்பட்டது. புதியவரிடம் கேட்டுப் பெற்று அறையை அவனே எழுப்பினான். கிழக்கு வாயிலை முந்தைய அளவினும் ஒரு முழம் அகலமாக வைத்தான்.

அவ்வாயில் மாண்டவருக்கு எதனையும் திருப்பித் தராது. சொல்லப்படாத ஒரு சொல்லின் சுமையை அவன் நெஞ்சினின்று இறக்கவும் செய்யாது. ஆயினும் அறை முடிந்த மறுநாள் காலை வேலைக்கு வந்த பெண்கள், ஒருவர்பின் ஒருவராக உள்ளே புகுந்து, முதலில் கிழக்கே நோக்கி, வெளியே விரிந்த கரிசலைக் கண்டபின்னரே தத்தம் இடத்தில் அமர்ந்தனர்.