சத்தமா சொல்லுங்க

என்னைத் தாண்டி எங்கள் பள்ளிக்கூட கேட்டில் ஒரு ஈ எறும்புகூட வெளியே போக முடியாது என்று பெற்றோர்கள் சொல்வார்கள். பாதிப் பேர் புகழ்ச்சியாக, பாதிப் பேர் எரிச்சலாக. இரண்டையுமே நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன். சீருடையில் வந்த போலீஸ்காரரையே கால் மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்தவள் நான்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வழக்கமான ஆள் அல்லாமல் வேறு யாராவது அழைக்க வந்தால், அந்த வீட்டுக்கென்று உள்ள ரகசிய வார்த்தையைச் சொல்ல வேண்டும். தலைமையாசிரியை கொண்டுவந்த ஏற்பாடு அது. வார்த்தைகள் எழுதிய நோட்டு என்னிடம் இருக்கும். ஒரு வீட்டுக்கு 'சுண்டெலி', இன்னொரு வீட்டுக்கு 'மாடிப்படி'. பெரிய மீசை வைத்த ஒரு மாமா 'சுண்டெலி' என்று சொல்வதற்குப் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே! பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகளின் கூச்சலும் வண்டி ஹாரனும் காதைப் பிளக்கும். எனக்கு இடது காது வேறு கொஞ்சம் மந்தம். "காதுல விழல, சத்தமா சொல்லுங்க" என்பேன். முணுமுணுத்தால் விடமாட்டேன், திரும்பச் சொல்ல வைப்பேன்.

ஒன்றாம் வகுப்பில் ஒரு பொடிசு. எல்லோருக்கும் அவள் பட்டாணி. அவள் அம்மா துணிக்கடை ஒன்றில் தையல் வேலை செய்கிறாள். வேலை முடியாத நாட்களில் கூட வேலை செய்கிற பெண்களில் யாரையாவது அனுப்புவாள். யார் வந்தாலும் 'நீல வாளி' என்று கத்திவிட்டுப் பட்டாணியை அழைத்துப் போவார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது அது நடக்கும்.

அன்று வந்தது ஓர் ஆண். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு குடை. நான் கேட்கும் முன்பே, "நீல வாளி. அவங்க அம்மாவுக்கு வேலை முடியல, என்னை அனுப்பினாங்க" என்றான். கணீரென்ற குரல். எனக்கு ரொம்பத் திருப்தி.

"பட்டாணி, வா" என்றேன்.

வந்தவள் அவனைப் பார்த்ததும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இவரை எனக்குத் தெரியாது. நான் போகல."

"அம்மாதான் அனுப்பியிருக்காங்க. வார்த்தை சரியா சொல்லிட்டாரு."

"நான் போகல, அத்தை."

எனக்குப் பின்னால் இருபது பிள்ளைகள் முட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே கூட்டம் நெருக்கியது. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "அடம் பிடிக்காதடி" என்று அவள் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். "போகமாட்டேன்!" என்று வீறிட்டவள் என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். சும்மா இல்லை, ரத்தம் வந்துவிட்டது.

வலியில் உயிர் போயிற்று. அவளை உள்ளே இழுத்து கேட்டைச் சாத்தினேன். "கொஞ்சம் இருங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். "என்ன பொண்ணும்மா வளர்த்து வெச்சிருக்க? கூப்பிட ஆள் அனுப்புறே, அவ என்னைக் கடிச்சு வெக்கிறா!"

"யாரை அனுப்பினேன்?" என்றாள் அவள். "நான் யாரையுமே அனுப்பலையேக்கா."

திரும்பிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே அவன் இல்லை.

அரை மணி நேரத்தில், கடையிலிருந்து ஓடி வந்த பட்டாணியின் அம்மா உட்பட, தலைமையாசிரியை அறையில் எல்லோரும் இருந்தோம். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அவன் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. "நல்ல வேளை, சந்தேகப்பட்டு உடனே போன் பண்ணீங்க" என்று தலைமையாசிரியை என் தோளைத் தட்டினார். கட்டுப் போட்ட என் கையைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். பிறகு தையல்காரியின் பக்கம் திரும்பினார். "வார்த்தையை யார்கிட்ட சொன்னீங்க? கண்டவங்க கிட்ட எல்லாம் சொன்னா இப்படித்தான். நாங்க எவ்வளவுதான் பாதுகாக்கிறது?"

அவள் வெலவெலத்துப் போனாள். "நாலு பேர்கிட்டதான் மேடம்... கூட வேலை செய்றவங்க..." மகளை முன்னால் தள்ளி, "அத்தைகிட்ட மன்னிப்புக் கேளு. யாரையும் கடிக்கலாமா?" என்றாள்.

பட்டாணி என் கையில் இருந்த கட்டையே பார்த்தாள். "ஸாரி அத்தை."

வாயை மூடிக்கொண்டிருந்தால் கெட்டிக்காரி என்ற பெயரோடு வீட்டுக்குப் போயிருப்பேன். வேலையும் தங்கும். ஆனால் அந்தக் குழந்தையின் 'ஸாரி'யைக் கேட்டபின் என்னால் முடியவில்லை. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"அவங்க யார்கிட்டயும் உளறல மேடம்" என்றேன். "நான்தான் தினமும் எல்லாரையும் கத்த வெச்சேன். எதிர்ப்பக்கம் ரெண்டு நாள் நின்னா யாருக்கும் மனப்பாடம் ஆயிடும். சந்தேகப்பட்டும் போன் பண்ணல. கடிச்சிட்டாளேன்னு திட்டத்தான் பண்ணேன்."

தையல்காரி என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"போகமாட்டேன்னு சொன்னாளாக்கா?"

"சொன்னா."

"எத்தனை தடவை?"

"மூணு தடவை."

அவள் மண்டி போட்டு மகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "நீ ஸாரி சொன்னது தப்புடா கண்ணு" என்றாள்.