கை உள்ளே

சந்தேகப்படுகிறவளுக்கு ஒரு புள்ளி போதும். அவள் முன்னால் இருந்த திரை முழுக்கப் புள்ளிகள்.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு தண்ணீர் பம்ப் நிலையம். மேட்டிலும் பள்ளத்திலும் காட்டு ஓரத்திலும் சிதறிக் கிடக்கும் அத்தனை நிலையங்களையும் குடிநீர் அலுவலகத்து மாடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி கவனிப்பதுதான் அவள் வேலை. மோட்டார் ஓடினால் புள்ளி பச்சை, நின்றால் சாம்பல். நிலையத்தின் கதவை யாராவது திறந்தால் புள்ளிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கதவுப் படம் முளைக்கும். அவள் இங்கே பொத்தானைத் தட்டினால் அரை நாள் பயண தூரத்தில் ஒரு மோட்டார் உறுமும். வீட்டு மிக்ஸி மட்டும் இன்றுவரை அவள் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை.

அந்த நிலையங்களைச் சுற்றி வந்து பழுது பார்க்கிற மெக்கானிக் அவள் கணவன். கல்யாணம் ஆன புதிதில் அலுவலகமே கேலி செய்தது. வீட்டிலும் அவள்தான் கன்ட்ரோல், வேலையிலும் அவள்தான் கன்ட்ரோல், பாவம் மனுஷன் எங்கே போய் மூச்சு விடுவான் என்று. அவனும் சிரித்துக்கொண்டே அவளைக் கன்ட்ரோல் என்று கூப்பிடப் பழகிவிட்டான். இப்போது அவளுக்கு அந்தச் சிரிப்பின் மேலேயே சந்தேகம்.

எல்லாம் ஒரு சட்டையில் ஆரம்பித்தது. அவனுடைய வேலைச் சட்டை தோளில் கிழிந்திருந்தது. மறுநாள் மாலை அது தைக்கப்பட்டு வீட்டுக்கு வந்தது.

"யாரு தைச்சது?"

"நான்தான்."

"நீங்களா?"

"ஏன், ஊசி என்ன பொம்பளைங்களுக்கு மட்டும் எழுதி வச்சிருக்கா?"

பொத்தான் அறுந்தால் சட்டையையே மாற்றிக்கொள்கிற மனுஷன் இவன். அவன் குளிக்கப் போனதும் சட்டையைப் புரட்டிப் பார்த்தாள். கறுப்பு நூலில் நெருக்கமான, நேரான தையல். ஓடை நிலையத்துக்கு எதிரில் ஒரு தையல் கடை இருக்கிறது. அந்தத் தையல்காரி அவனோடு பள்ளியில் படித்தவள். "அவ அப்பவே கலகலன்னு பேசுவா" என்று அவனே ஒருநாள் உளறியிருந்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

அதற்குப் பிறகுதான் கதவுகள். மேட்டு நிலையத்துக்குப் போகிறேன் என்று சொல்லி அவன் கிளம்பிய இரண்டு தடவையும் திரையில் திறந்தது ஓடை நிலையத்தின் கதவு. மேடு வடக்கே, ஓடை தெற்கே. வழியில் எட்டிப் பார்த்தேன் என்று சொல்லவும் முடியாது. முதல் தடவை, கருவிக் கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். ஆனால் திரைக்குச் செய்தி அனுப்பி, அவள் பொத்தானின் கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டுகிற அந்த இரண்டு நிலையத்துத் தகவல் பெட்டிகளும் மின்னலில் கருகி, பட்டறையில் சரிசெய்து, அவனே கொண்டுபோய் மாட்டி அதிக நாள் ஆகவில்லை. புதிதாகச் சரிசெய்த பெட்டியா பொய் சொல்லும்? பெட்டிக்கு என்ன பள்ளித்தோழியா இருக்கிறாள்?

இரண்டாம் தடவை சாப்பிடும்போது கேட்டாள்.

"இன்னைக்கு எங்க வேலை?"

"மேட்டுலதான். மோட்டார்ல ஒரே சத்தம்."

"ஓடைப் பக்கம் போகலையா?"

"அங்க எனக்கு என்ன வேலை?"

தட்டிலிருந்து நிமிராமல் சொன்னான். பசியில் நிமிரவில்லை என்று வேறொருத்தி நினைத்திருப்பாள். இவள் அதை நாள் கணக்கில் மென்றாள். நேராகக் கேட்டால் மழுப்புவான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

இங்கே அந்த அலுவலகத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மோட்டாரைப் பிரித்து வேலை செய்யும்போது மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட வேண்டும் என்பது சட்டம். பாதி நிலையங்களில் அந்த சுவிட்சின் கைப்பிடி உடைந்து வெகுகாலம் ஆகிறது. புதுக் கைப்பிடி வந்துகொண்டே இருக்கிறது, இன்னும் வந்து சேரவில்லை. அதனால் மெக்கானிக்குகள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மோட்டாரில் கை வைப்பதற்கு முன் தொலைபேசியில் "கை உள்ளே" என்பார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்வார். "கை வெளியே" என்று மறுபடி குரல் வரும்வரை அந்த நிலையத்தின் பொத்தானை யாரும் தொடக்கூடாது. தண்ணீர் இல்லையென்று ஊரே கத்தினாலும் கூடாது. இத்தனை காலமாக எல்லாருடைய விரல்களும் அந்த இரண்டு வார்த்தையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

அன்று காலை அவன் மேட்டு நிலையத்துக்கு என்று கிளம்பினான். முற்பகலில் தொலைபேசி அடித்தது. அதே நேரத்தில் திரையில் ஓடை நிலையத்தின் கதவு திறந்தது.

"கன்ட்ரோல், மேட்டு நிலையம். கை உள்ளே."

"மேட்டு நிலையம். கை உள்ளே" என்று அவளும் திருப்பிச் சொன்னாள். 

பக்கத்து நாற்காலியில் அவளுடைய ஷிஃப்ட் கூட்டாளி. வாய் மூடியிருந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் அவருக்குக் கொட்டாவி என்று பெயர். அவரும் காதில் வாங்கிக்கொண்டு தலையாட்டினார். பிறகு தன் பெயருக்கு நியாயம் செய்தார்.

அவள் திரையைப் பார்த்தாள். மேட்டு நிலையத்தின் கதவு சாத்தியே இருந்தது. அங்கே ஆளில்லை. ஆளில்லாத மோட்டாரை ஓட்டினால் யாருக்கு என்ன? மோட்டார் ஓடும். அவன் அதே மோட்டாருக்குள் கை இருப்பதாகச் சொல்வான். அப்புறம் அவனால் என்ன பேச முடியும்?

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் இருப்பது! மேட்டு நிலையத்தின் பொத்தானைத் தட்டினாள்.

புள்ளி பச்சையானது. தொலைபேசியை எடுத்தாள்.

"என்னங்க, வேலை எப்படிப் போகுது?"

"எங்க போகுது! பேரிங் பல்லைக் கடிச்சிட்டு உட்கார்ந்திருக்கு. முழங்கை வரைக்கும் உள்ளதான் இருக்கேன்."

மாட்டிக்கொண்டான் என்று நினைத்தாள். சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. தன் சந்தேகம் பொய்யாகப் போனால் நன்றாக இருக்குமே என்று கடைசிவரை ஓர் ஓரத்தில் நினைத்திருக்கிறாள் போல.

"வீடியோல வாங்க."

"இப்பவா? கையெல்லாம் கிரீஸு..."

"வாங்கன்னு சொல்றேன்ல!"

அவன் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். போனை எங்கோ சாய்த்து வைத்தான். முதலில் தெரிந்தது சுவர். அதில் பெரிய எழுத்தில் மேட்டு நிலையம் என்று எழுதியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெறும் பாறை. கீழே மூடி கழற்றிய மோட்டார், அதற்குள் அவனுடைய வலது கை. பக்கத்தில் மோட்டாரைப் போர்த்தும் கித்தான், அதன் ஓரம் முழுக்கக் கறுப்பு நூலில் நெருக்கமான, நேரான தையல்.

"பாத்தாச்சா? பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறே."

அவன் கை வைத்திருந்த மோட்டார் அசையாமல் கிடந்தது. திரையில் அதே மோட்டார் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியானால் எது ஓடுகிறது?

தகவல் பெட்டிக்குத் தான் எந்த நிலையம் என்பது அதன் நினைவில் பதிந்திருக்கும். வெளியே ஒட்டிய சீட்டைப் பார்த்துத்தான் மெக்கானிக் கொண்டுபோய் மாட்டுவான். பட்டறையில் கரி போகத் தின்னர் ஊற்றித் துடைத்தபோது சீட்டும் போயிருக்கும். இவன் குத்துமதிப்பாக மேட்டுப் பெட்டியை ஓடையிலும் ஓடைப் பெட்டியை மேட்டிலும் மாட்டிவிட்டு வந்திருக்கிறான். கதவுகள் பொய் சொல்லவில்லை, அவனும் பொய் சொல்லவில்லை. அவள் தட்டியதில் ஓடையில் மோட்டார் ஓடுகிறது. மேட்டு மோட்டாரை ஓட்ட வேண்டுமானால் திரையில் ஓடைப் பொத்தானைத் தட்ட வேண்டும்.

"ஓடைத் தொட்டி குறைஞ்சிருக்கும்மா, ஓட்டி விட்டுடறேன்" என்றார் கொட்டாவி. கதவுப் படத்தை அவர் என்றைக்குப் பார்த்தார்! விரல் பொத்தானுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் பாய்ந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். நாற்காலி உருண்டுபோய்ச் சுவரில் மோதியது.

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

"அண்ணே, அதைத் தொடாதீங்க! பெட்டி ரெண்டும் மாறிக் கிடக்கு. ஓடையைத் தட்டினா மேட்டு மோட்டார் ஓடும். அவரு கை உள்ள இருக்கு!"

கொட்டாவியின் வாய் முதல் தடவையாகக் கொட்டாவி இல்லாமல் திறந்தது. கையை மடியில் போட்டுக்கொண்டு அதையே பார்த்தார். "தெய்வமே, இன்னேரம் என் கையாலயே..." என்றார். பிறகு அவள் கையிலிருந்த போனை நோக்கிக் கத்தினார். "தம்பி, உன் பொண்டாட்டி உன் கையைக் காப்பாத்திட்டாப்பா! கோயில் கட்டிக் கும்பிடு!"

அவன் கையை மெல்ல வெளியே எடுத்தான். விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தான். கிரீஸ் முகத்தில் சிரிப்பு பரவியது.

"நான் மாட்டினதுதான். தப்பு என் மேலதான்" என்றான். "அது சரி, உக்காந்த இடத்துலேர்ந்து நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

"திரையில மேட்டு மோட்டார் ஓடுதுன்னு காட்டுச்சு. வீடியோல பாத்தா நிக்குது."

"ஓடுதுன்னு காட்டுச்சா? நான்தான் கை உள்ளேன்னு சொல்லியிருந்தேனே. யாரு ஆன் பண்ணினது?"

கொட்டாவி அவள் பக்கம் திரும்பினார். தான் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

தெரியாமல் விரல் பட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனும் நம்பியிருப்பான். அவள் சொன்ன எதை அவன் நம்பாமல் இருந்திருக்கிறான்?

"நான்தான்" என்றாள்.

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான். நீங்க அங்க இல்லன்னு நெனச்சேன்."

 அவன் சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. எங்கே இருப்பதாக நினைத்தாய் என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

"போனை அண்ணன்கிட்ட குடு" என்றான்.

கொடுத்தாள். கொட்டாவி காதில் வைத்துக் கேட்டார். "சரிப்பா" என்றார். "ரெண்டு பொத்தானையும் தொடல. புரியுதுப்பா" என்றார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார்.

"பேரிங் இன்னும் மாட்டலையாம். திரும்பவும் கையை விடணுமாம். அதுவரைக்கும் நீ இந்த ரூம்ல இருக்க வேணாம்னு சொல்றான்மா."