சார்ஜ் ஏறாத டேப்கள்

வகுப்பறை வாசலில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. ஞானஸ்நான விருந்துக்கும் பிறந்தநாளுக்கும் கரோக்கே பாட்டுப் பெட்டியோடு சேர்த்து லிகாயா வாடகைக்கு விடும் ஜெனரேட்டர் அது. மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள் என்பதால் இன்று சும்மா கொடுத்திருந்தாள். சமார் என்ற பெரிய தீவின் கரையோரத்து அந்தச் சின்னத் தீவில் பகலில் கரண்ட் கிடையாது.

ரெமெடியோஸ் டீச்சர், பிள்ளைகள் படிக்க அரசாங்கம் அனுப்பிய டேப்லெட்களை ஒவ்வொன்றாகச் சார்ஜரில் சொருகி, பொத்தானை அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றிலும் வெளிச்சம் வரவில்லை. சிலவற்றின் முதுகு உப்பி, மூடி பிளந்திருந்தது.

பின்னே எப்படி வரும்? வந்து இறங்கிய நாளிலிருந்து அவை தலைமையாசிரியர் அர்செனியோவின் இரும்பு பீரோவில்தான் கிடந்தன. ஒன்று தொலைந்தாலும் அவர் பென்ஷனில் கைவைப்பார்கள் என்ற பயம் அவருக்கு. உப்புக்காற்று படக்கூடாதென்று நடுவில் அரிசிப் பொட்டலம் வைத்து, மாதாமாதம் அரிசியை மாற்றினார். சார்ஜ் போட மட்டும் அவருக்குத் தோன்றவேயில்லை. டீச்சர் கேட்டபோதெல்லாம் புயல் காலம் முடியட்டும் என்றார். அந்தத் தீவில் புயல் காலம் என்றைக்கு முடிந்தது?

நேற்றுதான் சாவி அவள் கைக்கு வந்தது. ரெமெடியோஸின் வேலை வருடாவருடம் புதுப்பிக்கிற வேலை. டேப் வைத்து அவள் பாடம் நடத்துவதை இன்று வரும் மேற்பார்வையாளர் பார்த்துத் திருப்திப்பட்டால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

"மாதா சொரூபமாட்டம் பூட்டியே வச்சிருந்தீங்களே டீச்சர், எங்க புள்ளைங்க தொட்டா தேஞ்சா போயிரும்?" என்றாள் லிகாயா. டீச்சர் அடுத்ததைச் சொருகினாள்.

படகிலிருந்து இறங்கும்போது ஷூ நனைந்துவிட்ட எரிச்சலோடு வந்து சேர்ந்தார் மேற்பார்வையாளர் மேடம். அர்செனியோ இளநீர் கொடுத்தார், நண்டு வேகிறது என்றார். கடல் உள்வாங்கிப் படகு தரைதட்டுவதற்குள் திரும்ப வேண்டும், பாடத்தை ஆரம்பிக்கச் சொல்லுங்கள் என்றார் மேடம்.

"பேட்டரி எல்லாம் செத்துப்போச்சு மேடம். வந்ததுலேருந்து ஒரு தடவகூட சார்ஜ் போடல," என்றாள் ரெமெடியோஸ்.

மேடம் அர்செனியோவைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

"பொறுப்பு அவங்களோடது மேடம். சாவி அவங்க கையிலதான் இருக்கு, நீங்களே பாருங்க," என்றார் அர்செனியோ.

சாவி அவள் கையில்தான் இருந்தது. நேற்றுதான் கொடுத்தார் என்று அவள் ஆரம்பித்தாள். மேடம் கையை உயர்த்தி நிறுத்தினார்; சாக்குக் கேட்பதற்காக இவ்வளவு தூரம் படகேறி வரவில்லை என்றார். போட்டோ இல்லாமல் போக முடியாதாம். திரை பிள்ளைகள் பக்கம் திரும்பியிருக்கட்டும், விரலால் தள்ளுகிற மாதிரி இருக்கட்டும் என்று அவரே உட்கார்த்தி வைத்தார்.

பிள்ளைகள் கறுப்புக் கண்ணாடியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். லிகாயாவின் மகள் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு, "எப்ப வரும் டீச்சர்?" என்றாள்.

"சிரி. மேடம் எடுக்குறாங்க."

கிளம்பும்போது மேடம் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "கரண்ட் இல்ல, நெட் இல்லங்கறதெல்லாம் இங்க குறையே இல்ல. டீச்சருக்கு ஆர்வம் இல்ல. அடுத்த வருஷம் ஆர்வமுள்ள ஆளாப் பாத்துப் போடுங்க சார்."

ரெமெடியோஸுக்கு முகமெல்லாம் எரிந்தது. லிகாயா ஜெனரேட்டரை அணைத்தாள்.

"அந்தச் சாவிய அந்தாளு மூஞ்சிலயே வீசியிருக்க வேணாமா டீச்சர்?" என்றவள், ஜெனரேட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மேடத்தைப் படகேற்றிவிட்டு வந்த அர்செனியோ ஒரு டேப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"எல்லாத்துலயும் பசங்க கை பட்டிருக்கு. தொடச்சு அடுக்கிட்டு, சாவியக் குடுத்துட்டுப் போங்க டீச்சர்."

கண்ணாடியெங்கும் சின்னச் சின்ன விரல் தடங்கள். ரெமெடியோஸ் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அவர் பக்கத்திலேயே நின்று, அவள் விட்டுவிட்ட ஓரங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்.