மூன்றாவது வரி

சலவை ஆலையில் இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றவர் அவர். யாரையும் நம்பமாட்டார். வைத்தியர் தரும் மாத்திரையைக்கூட மோந்து பார்த்துத்தான் விழுங்குவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு தாளை நம்பித் தொலைத்தார்.

தாள் இங்கிலீஷ் டீச்சர் கொடுத்தது. விபத்து நடந்தால் பார்த்தவர் இங்கிலீஷில் அறிக்கை எழுத வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவு போட்டதால், வேலை முடிந்ததும் சாப்பாட்டு அறையில் வகுப்பு நடந்தது. டீச்சர் ஐந்து வரி மாதிரி கொடுத்தாள். நேரம், பிரிவு, பெயர் இவற்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் ஈயடிச்சான் காப்பி. மூன்றாவது வரி, 'தொழிலாளி கவனமில்லாமல் இருந்தார்.' ஒரு தடவை அவர் அதை விட்டுவிட, சிவப்பு மையில் வட்டம் விழுந்தது.

"ஐயா, ஒரு வரிய முழுங்கிட்டீங்களே!"

"பசி டீச்சர்."

வகுப்பே சிரித்தது. அப்புறம் அவர் ஒரு வரியையும் விட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, அதே ஆலையில் வேலை பார்க்கும் அவர் மனைவியின் தம்பியின் கை உருளைக்குள் போய்விட்டது. கை பட்டால் உருளையை நிறுத்த ஒரு தடுப்புச் சட்டம் உண்டு. போர்வை இடித்து அடிக்கடி நிற்கிறதென்று சூப்பர்வைசர் அதைக் கம்பியால் கட்டி வைத்திருந்தான். ஆலையின் தப்பென்றால் வைத்தியமும் வேறு வேலையும் கிடைக்கும். ஆளின் தப்பென்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

பக்கத்தில் நின்றவர் அவர் ஒருத்தர்தான். சூப்பர்வைசர் தாளை நீட்டினான். ஐந்து வரியும் எழுதினார். எழுதும்போது அர்த்தம் நினைவுக்கு வரவில்லை. அந்தச் சிவப்பு வட்டம்தான் வந்தது.

"ஒரு தப்புகூட இல்ல பெரியவரே! பேசாம நீங்களே பாடம் எடுக்கலாம்," என்றான் சூப்பர்வைசர்.

வெள்ளிக்கிழமை ஆலையிலிருந்து கடிதம் வந்தது. கவனக்குறைவு என்று சொந்தக்காரரே சாட்சி எழுதியிருப்பதால் ஆலைக்குப் பொறுப்பில்லை.

"ஊரையே நம்பாத ஆளு, என் தம்பி தலையில கல்லப் போட்டுட்டீங்களே!" என்றாள் மனைவி.

மறுநாள் டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவள் முகம் செத்துப்போனது.

"பாத்தத எழுதுங்கன்னு நான் ஒருநாளும் சொல்லவே இல்லையே ஐயா," என்று வெற்றுத் தாளை வைத்தாள். "தப்பு வந்தா வரட்டும். கண்ணால பாத்தது மட்டும்."

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி நாலு வரி எழுதினார். எல்லாம் கோணல்மாணல். அவள் சிவப்புப் பேனாவைத் தொடவே இல்லை.

ஆலை அலுவலகத்தில் குமாஸ்தா இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"மொத தாள் எவ்வளவு சுத்தமா இருக்கு! இதுல வரிக்கு மூணு தப்பு. யாரோ சொல்லிக்குடுத்து அவசரத்துல எழுதுனது. எடுத்துட்டுப் போங்க."

வீட்டில் மைத்துனன் கட்டுப்போட்ட கையைத் தலையணையில் வைத்திருந்தான்.

"என்ன எழுதியிருக்கு அத்தான்? சொல்லுங்க."

தாளைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "சட்டம் கம்பியில கட்டியிருந்துச்சு. நான் அவுக்கச் சொன்னேன். சூப்பர்வைசர் வேலையப் பாருன்னான். கை உள்ள போச்சு."

"இதானே நடந்துச்சு." அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "எழுதத் தெரிஞ்சிருக்கே உங்களுக்கு."

மனைவி தம்பிக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். அவருக்குத் தட்டு எடுத்து வைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.