ஏழோடு நின்ற பட்டியல்

பாடக்குறிப்பேடு எழுதும் வாத்தியார்களில் இரண்டு வகை உண்டு. பழைய நோட்டைப் பார்த்து எழுதுகிறவர்கள் ஒரு வகை. பார்த்து எழுதுவதை ஒப்புக்கொள்ளாதவர்கள் மறு வகை. சாரதாமணி டீச்சர் இரண்டாவது வகை. ஜேடர்பாளையத்துக்கு இரண்டு கல் தள்ளி, காவிரியோரத்து ஊர் ஒன்றில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறாள். வாரக் குறிப்பு திங்கட்கிழமை மணியடிப்பதற்குள் தலைமையாசிரியர் கைலாசம் மேசைக்குப் போய்விட வேண்டும். அவர் படிக்கமாட்டார், கையெழுத்து மட்டும் போடுவார்.

ஆடிக் காற்று ஜன்னலைப் போட்டு உலுக்கிய சனிக்கிழமை பிற்பகலில், வாடகை வீட்டுக் கூடத்தில் அவள் நோட்டை விரித்தாள். திங்களும் செவ்வாயும் வாசித்தல். புதன் சொல்வளம். வியாழனும் வெள்ளியும் எழுதுதல். புதன்கிழமைக் கட்டத்தில் 'பத்துச் சொற்கள்' என்று தலைப்பிட்டு எழுதத் தொடங்கினாள். ஏழாவது சொல்லோடு பேனா நின்றது.

இது ஒரு வருஷமாக நடக்கிறது. கரும்பலகையில் எழுதினாலும் ஏழு, நோட்டில் எழுதினாலும் ஏழு. "பத்துன்னு சொல்லிட்டு ஏழுதான் எழுதியிருக்கீங்க டீச்சர்" என்று பிள்ளைகள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள். பிறகு முக்கி முனகி மூன்றைச் சேர்ப்பாள். மறதி என்று சொல்லிக்கொண்டாள். மறதிக்கு எண்ணத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை.

போன வருஷத்து நோட்டு அலமாரியில் இருக்கிறது. அதை எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போய் எடுத்தாள். இதே வாரம், இதே புதன்கிழமை. அந்தக் கட்டத்தின் மேல் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டி, 'பாடநூல் பயிற்சி' என்று எழுதியிருந்தது. எழுதியவள் அவள்தான்.

தாளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். முன்பு சேந்தமங்கலத்தில் வேலை பார்த்தபோது எழுதிய குறிப்பின் நகல் அது. அந்தப் பள்ளிக்குப் பின்னால் ஓர் ஓடை உண்டு. ஆடி மாதத்திலும் அதில் மணலும் ஆட்டுப் புழுக்கையும்தான் கிடக்கும். 'ஓடைக்குப் போய், பார்த்த பத்துப் பொருள்களின் பெயர்களை எழுதி வருக' என்பது வீட்டுப்பாடம். பிள்ளைகள் ஆடிப் பாடி எழுதி வந்தார்கள். இங்கே மாற்றலாகி வந்ததும் அதே குறிப்பைப் பார்த்து எழுதினாள். தேதியை மாற்றினாள். ஓடை என்ற இடத்தில் ஆறு என்று போட்டாள். மேட்டூரில் தண்ணீர் திறந்து ஆறு இரு கரையும் தொட்டு ஓடுகிற வாரம் அது என்பது அவள் கைக்குத் தோன்றவே இல்லை.

முப்பத்தொரு பிள்ளைகளில் முப்பது பேர் புத்திசாலிகள். வீட்டில் உட்கார்ந்தே மீன், மணல் என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். ஒருத்திதான் சொன்னபடி போய்ப் பார்த்தாள். அவள் பெயர் அகல்யா.

மறுநாள் ஆடிப் பதினெட்டு. பிள்ளையை மதகுக்குக் கீழே எடுத்தார்கள். பண்டிகைக் கூட்டம் வேடிக்கை பார்க்கப் போய் விழுந்துவிட்டாள் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. போகாமலே எழுதியது தெரிந்துவிடும் என்று முப்பது பிள்ளைகளும் வீட்டுப்பாடத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. சாரதாமணி அன்றைக்கே பசை டப்பாவைத் திறந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது சிரமம் என்பார்கள். ஒரு துண்டுத் தாள் போதுமாக இருந்தது.

"டீச்சர் இருக்கீங்களா?"

வாசலில் அகல்யாவின் அம்மா சென்னியம்மாள் நின்றாள். தோளில் பள்ளிக்கூடப் பை. சாரதாமணி நோட்டை மூடினாள். உள்ளே அழைத்து உட்காரவைத்து, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"வர்ற வாரம் வருசம் திரும்புதுங்க" என்றாள் சென்னியம்மாள். "படித்துறையில கெடந்த பைய எடுத்தாந்து ஆணியில மாட்டுனதுங்க. இத்தன நாளும் தொடல. இன்னைக்குத்தான் பிரிச்சேன். உள்ள இந்த நோட்டு இருந்துச்சு. எனக்கு எழுத்துத் தெரியாதுங்களே. கடேசியா என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க."

"ஊட்டுல அவரு இல்லீங்களா?"

"லாரிக்குப் போனவரு செவ்வாக்கெழமதான் வாராரு. அவருகிட்ட எங்கீங்க இதக் காட்டறது? போட்டோவே மாட்ட வேண்டாம்னுட்டாரு. ஆத்துப் பக்கம் போகாதே போகாதேன்னு அத்தன தடவ சொன்னோம். பேச்சுக் கேக்காத கழுதைக்குப் போட்டோ என்னத்துக்குங்கறாரு. நானும் வஞ்சுக்கிட்டேதானுங்க இருக்கறேன். சோறு திங்கறப்பக்கூட வைவேன்."

சாரதாமணி நோட்டை வாங்கினாள். கடைசியாக எழுதிய பக்கம் தானாகத் திறந்துகொண்டது. மேலே கறுப்பு மையில் தலைப்பு. அடியில் இரண்டு கோடு. தலைப்புக்கு இரண்டு கோடு போடாவிட்டால் அவள் திருத்தமாட்டாள், அது வகுப்பில் சட்டம். தலைப்பைத் தாண்டிப் படித்தாள்.

"மதகு. நாணல். பரிசல். படித்துறை. கொக்கு. நுரை. சுழி."

எட்டு என்று எண் போட்டிருந்தது. அதற்கு எதிரே எதுவும் இல்லை.

இந்தப் பக்கத்தைச் சாரதாமணி கண்ணால் கண்டதில்லை. ஆனால் ஒரு வருஷமாக அவள் கை இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தது. ஏழாவது சொல்லில் நின்று நின்று, யாரோ எட்டாவதுக்காகக் காத்திருப்பதுபோல.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

சென்னியம்மாள் எட்டிப் பார்த்து, பக்கத்தின் உச்சியில் விரலை வைத்தாள். "இங்க ரெண்டு கோடு போட்டு என்னமோ இருக்குதுங்களே. இத நீங்க படிக்கலையே."

எழுத்துத் தெரியாதவளை ஏமாற்றுவது சுலபம் என்று யார் சொன்னது? இதை மட்டும் ஒரு பொய்யைச் சொல்லிக் கடந்துவிடலாம். தேதி என்று சொன்னால் போதும். அப்புறம் அந்தப் படம் வீட்டுச் சுவரில் எந்தக் காலத்திலும் ஏறாது. செத்த பிள்ளை கடைசிவரை வசவு வாங்கிக்கொண்டே இருக்கும். சென்னியம்மாளின் விரலை விலக்காமல் சாரதாமணி படித்தாள்.

"வீட்டுப்பாடம். ஆற்றுக்குப் போய் நான் பார்த்த பத்து. சாரதாமணி டீச்சர் சொன்னது."

வெளியே காற்று நின்றிருந்தது.

"நீங்க போகச் சொன்னீங்களா?"

"ஆமாங்க. நாந்தான் சொன்னேன். ஆத்துல தண்ணி வந்தத யோசிக்கல."

"அப்ப எம்புள்ள பேச்சுக் கேட்டுத்தான் போயிருக்குது."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சத்தமே வராமல் வெகுநேரம் அழுதாள். அடிக்க வந்திருந்தால்கூட சாரதாமணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு ஒரு வருசமாத் தெரியுமுங்களா டீச்சர்?"

"தெரியும்."

சென்னியம்மாள் எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டாள். நோட்டை எடுக்கவில்லை. சொம்பைத் தொடவும் இல்லை.

"செவ்வாக்கெழம பொழுதெறங்க அவரு ஊட்டுக்கு வந்துருவாரு. நீங்க வாங்க. எங்கிட்டப் படிச்ச மாதிரி அவருகிட்டயும் படிங்க. கோடு போட்டதுல இருந்து படிக்கோணும்."

"வர்றேனுங்க."

அவள் போன பிறகு சாரதாமணி பழைய நோட்டை எடுத்து, ஒட்டிய தாளை நகத்தால் கிழித்தாள். பாதி உரிந்தது, பாதி உரியவில்லை. அது போதும், கைலாசம் சார் இந்தத் தடவை படித்துத்தான் ஆகவேண்டும் என்று புது நோட்டோடு சேர்த்து வைத்தாள். பிறகு செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் எழுதினாள்: 'வாசித்தல். அகல்யாவின் நோட்டு, தலைப்பிலிருந்து. இடம்: அவள் வீடு.'

புதன்கிழமைக் கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனாள். எட்டு என்று எண் போட்டாள். கை நின்றது. இந்தத் தடவை அவள் அதைத் தள்ளவில்லை. மூன்று இடத்தையும் அப்படியே விட்டு நோட்டை மூடினாள்.