முடி இறக்கும் வரைக்கும்

வடிவு கொடுத்தால் சித்தையன் பார்க்காமலே முழுங்குவார். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கையை நீட்டுவார், அவள் மாத்திரையை வைப்பாள், அவர் கண் டிவியை விட்டு நகராது. "எம் பொண்டாட்டி விஷத்தக் குடுத்தாலும் என்னான்னு கேக்க மாட்டேன்" என்று வாழைக்காய் மண்டியில் பெருமையடித்துக்கொள்வார். அந்த மனுசனுக்குப் பேச்சில் எப்போதுமே கொஞ்சம் மிதப்பு உண்டு.

மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் வாழைத்தார் தூக்கிக்கொண்டிருந்த ஆள். தொண்ணூற்றாறில் ஒரு நாள் தோளில் தாரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இப்படி அடித்தால் உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகும், கட்டி மூளைக்கு ஏறினால் கை கால் விழுந்துவிடும், ரத்தம் உறையாமலிருக்கத்தான் இந்த மாத்திரை, ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டரம்மா கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார். மகள் தீபா அதைத் தமிழில் இன்னொரு தடவை சொன்னாள். வடிவுக்கு நன்றாகவே விளங்கியது. பாவம், அவளுக்கு விளங்கவில்லை என்று யாராவது பரிந்துகொண்டு வந்தால் நம்பாதீர்கள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே அவள் நேர்ந்துகொண்டாள். மனுசன் எழுந்து நடக்கட்டும், நஞ்சன்கூட்டுக் கோயிலுக்குக் கூட்டிவந்து முடி இறக்குகிறேன் சாமி. மனுசன் எழுந்தார், நடந்தார், மண்டியில் கணக்குப் பார்க்கிற வேலைக்கும் போனார். சாமி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது, பாக்கி வடிவின் பக்கம்தான்.

போகிற நாள் குறித்த பிறகு ஒரு காலையில், முகம் மழிக்கும்போது அவர் தாடையில் ஒரு கீறல். கடுகளவுதான் இருக்கும். ரத்தம் நின்றபாடில்லை. படிகாரத்தைத் தேய்த்தும் கேட்காமல் துண்டு நனைந்தது. மாத்திரை நல்லா வேலை செய்யுது பாரு என்று அவர் சிரித்தார். வடிவு அந்தத் துண்டைக் கொண்டுபோய் அலசினாள், தண்ணீர் சிவந்தது.

ஹனூர்ப் பக்கம் அவள் சனங்கள் சொல்வார்கள்: முடி இறக்கையில் தலையில் ரத்தம் காட்டினால், சாமி அந்த முடியை ஏற்கவில்லை. அவள் சித்தப்பனுக்கு அப்படிக் காட்டியது, வருசம் திரும்புவதற்குள் ஆள் இல்லை. கடுகளவு கீறலுக்கே ஒரு துண்டு ரத்தமென்றால், ஆற்றங்கரையில் வெறும் கத்தி தலை முழுக்க ஓடினால் என்ன ஆகும்? அந்த நினைப்பு வந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டரம்மாவைக் கேட்டிருக்கலாம். கேட்டால் மொட்டையே வேண்டாம் என்பார். தீபாவைக் கேட்டால் கத்துவாள். அவரிடம் சொன்னால் பயந்துபோவார், பயம் நெஞ்சுக்கு ஆகாது. ஆக, கேட்க வேண்டிய மூன்று பேரையும் விட்டுவிட்டு இந்த மகராசி தன்னையே கேட்டாள், தானே சரியென்றும் சொல்லிக்கொண்டாள். தீபாவுக்கு வாங்கி மிச்சமிருந்த சத்து மாத்திரை டப்பாவில் கிடந்தது. பார்க்க அதே அளவு. முடி இறக்கும் வரைக்கும்தானே?

அவர் வழக்கம்போலக் கையை நீட்டினார், பார்க்காமல் முழுங்கினார். வடிவுதான் ஒவ்வொரு ராத்திரியும் அவர் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டபடி விழித்துக் கிடந்தாள். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் அவர் நெஞ்சைவிட அவள் நெஞ்சுதான் தாறுமாறாக அடித்தது.

திங்கட்கிழமை மூவரும் ரயிலில் நஞ்சன்கூடு போனார்கள். கபிலா ஆற்றங்கரையில் நாவிதர் தலையை நனைத்துக் கத்தியைத் தீட்டினார். வடிவு குனிந்து நின்று கத்தியோடு கத்தியாகக் கண்ணை ஓட்டினாள். வெயிலை மறைக்காதம்மா என்று நாவிதர் கடிந்துகொண்டும் அவள் நகரவில்லை. நெற்றி, உச்சி, பிடரி, காதோரம் எல்லாம் முடிந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஈரத் தலையில் சந்தனத்தைப் பூசும்போது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இன்றைக்கு ராத்திரியிலிருந்து நல்ல மாத்திரையைக் கொடுத்துவிடலாம்.

ராத்திரி வரை நேரம் இருக்கவில்லை. தரிசனம் முடித்துச் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சித்தையன் வாய்க்குக் கொண்டுபோன சோறு மடியில் விழுந்தது. வலது கை அப்படியே தொங்கியது. வாய் ஒரு பக்கம் இழுக்க, அவர் "வ... வ..." என்றார். அவள் பெயரைத்தான் சொல்லப் பார்த்தார். அந்த வயதில் அவள் போட்ட ஓலத்தில் பந்தியே எழுந்துகொண்டது.

வாடகைக் கார் பிடித்து மைசூருக்குக் கொண்டுவந்தார்கள். பணியிலிருந்த சின்ன டாக்டர் பழைய சீட்டைப் பார்த்தார். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர், அதனால் மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கும் என்றார். ஸ்கேனுக்கு வேறு இடம் கொண்டுபோக வேண்டும், வண்டி வர நேரமாகும், அதற்குள் ரத்தத்தை உறைய வைக்கிற ஊசியைப் போட்டுவிடலாம். மாத்திரை விடாமல் சாப்பிட்டாரா என்று கேட்டார்.

அம்மா ஒரு நாள்கூட விட்டதில்லை, தன் கையாலேயே கொடுப்பாள் என்றாள் தீபா. பெருமையாகச் சொன்னாள்.

நர்ஸ் மருந்துக் குப்பியின் கழுத்தை உடைத்தாள். வடிவு அந்தக் குப்பியையே பார்த்தாள். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ரத்தக் கசிவு என்பார்கள், விதி என்பார்கள், வீட்டில் அவளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். நர்ஸ் ஊசியில் மருந்தை இழுத்தாள்.

"போடாதீங்க" என்றாள் வடிவு. "மாத்திரை நாங் குடுக்கல. கொஞ்ச நாளா சத்து மாத்திரைதாங் குடுத்தேன். மொட்டையில ரத்தம் காட்டக் கூடாதுன்னு."

இத்தனை வருசம் மார்க்கெட்டில் கன்னடம் பேசியவளுக்கு அந்த நேரத்தில் தமிழ்தான் வந்தது. டாக்டர் புரியாமல் தீபாவைப் பார்த்தார். தீபா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அவருக்குச் சொல்லுடி" என்றாள் வடிவு. தீபா கன்னடத்தில் சொன்னாள். பாதியில் குரல் உடைந்தது, ஆனாலும் முழுக்கச் சொன்னாள். கட்டிலில் கிடந்த சித்தையனுக்கு வாய்தான் வரவில்லை, காது நன்றாகவே கேட்டது. அவர் கண் வடிவின் மேல் இருந்தது.

ஊசி போடவில்லை. ஸ்கேனில் கசிவு இல்லை, கட்டிதான். அந்த ஊசி போட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்று டாக்டர் தீபாவிடம் சொன்னார். தீபா அதை வந்து சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

தண்ணீர் தொண்டையில் இறங்குகிறது என்று உறுதியான பிறகு ஒரு சாயங்காலம் நர்ஸ் வந்து மாத்திரையை வடிவின் கையில் கொடுத்து, கொடுங்கள் என்றாள். சித்தையன் இடது கையை நீட்டினார். கீறல் ஒன்றில்லாத மொட்டைத் தலையில் காதோரம் இன்னும் கொஞ்சம் சந்தனம் ஒட்டியிருந்தது. வடிவு மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் முழுங்கவில்லை. கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மாத்திரையைக் கட்டைவிரலால் புரட்டிப் பார்த்தார். பிறகு வடிவைத் தாண்டி நர்ஸைப் பார்த்தார்.

நர்ஸ் தலையை ஆட்டினாள். அதற்கப்புறம்தான் வாயில் போட்டார். வடிவு தண்ணீரை நீட்டினாள்.